பழைய டிராக்டர்ல கியர் மாட்டிக்கிச்சா? வண்டியை ரெண்டா பிரிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

கியர் ஜாம்னு சொன்னாலே பாதி பேரு நேரா வண்டியைப் பிரிக்கணும்னு முடிவு பண்ணிடுறாங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தான், ஒரு தடவை ரெண்டு நாள் வேலை பாத்து வண்டியைப் பிரிச்சு உள்ள பாத்தா கியர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, கடைசில பாத்தா லிவர் முனை தேஞ்சு போய் ஃபோர்க் (கியரை நகத்துற கவட்டை) பள்ளத்துல இருந்து நழுவி நிக்குது. மேல இருக்கற நாலஞ்சு போல்ட்டை கழட்டியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் எந்த வண்டி வந்தாலும் எனக்கு ஒரே வரிசைதான்: மொதல்ல கிளட்ச், அப்புறம் டாப் கவர் (கியர்பாக்ஸ் மேல் மூடி), அப்புறம் ஆயில், கடைசியாத்தான் பிரிக்கிற பேச்சு.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். வண்டி சமதளத்துல நிக்கணும், பின்னாடி இருக்கற கலப்பையோ ரொட்டவேட்டரோ தரையில எறங்கி இருக்கணும், முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்கணும். கியர் மாட்டுன வண்டி திடீர்னு விடுபட்டா உருளும், நீங்க அடியில படுத்திருப்பீங்க. இன்னொண்ணு, ஸ்டார்ட்டர் மோட்டார்ல ஸ்பேனரை வச்சு ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ற பழக்கம் இருந்தா இன்னைக்கு வேண்டவே வேண்டாம். கியர் எதுல நிக்குதுன்னே தெரியாத வண்டி, நீங்க பக்கத்துல தரையில நிக்கிறீங்க, ஸ்டார்ட் ஆன உடனே பின் சக்கரம் உங்க மேல ஏறிடும். இப்படி செத்தவங்க நெறைய பேரு.

## மொதல்ல: மாட்டுனது கியர்பாக்ஸ்தானா?

வண்டி நகரலன்னா கியர்பாக்ஸ்னு அர்த்தம் இல்ல. பிரேக் புடிச்சிருக்கலாம், கிளட்ச் ஒட்டியிருக்கலாம், இன்ஜினே சீஸ் ஆகி (சுத்த முடியாம இறுகி) இருக்கலாம்.

இந்தத் தள்ளற டெஸ்டுக்கு மட்டும் கட்டையைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, பின்னாடி கருவி தரையைப் புடிக்காம பாத்துக்கிட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கிளட்சை முழுசா மிதிச்சுட்டு தள்ளிப் பாருங்க. உருண்டா வண்டி ஏதோ ஒரு கியர்ல நிக்குது அவ்வளவுதான், உள்ள எதுவும் பூட்டிக்கல. உருளலன்னா ஹை-லோ லிவரை (வேகம் கூட்டிக் கொறைக்கற ரெண்டாவது லிவர்) நியூட்ரல்ல போட்டுட்டு மறுபடி தள்ளுங்க. பெரும்பாலான பழைய வண்டில ஹை-லோ மெயின் கியருக்கு அப்புறம்தான் இருக்கும், அதனால அது நியூட்ரலுக்கு வந்து வண்டி உருண்டுச்சுன்னா கோளாறு முன்னாடி மெயின் கியர்லயோ கிளட்ச்லயோ இருக்கு.

அப்பவும் அசையலன்னா முன் சக்கரத்துக் கட்டையை மறுபடி ஒட்டி வச்சுட்டு பின் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில நல்ல ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. ஒரு ஆளை இடது பிரேக்கை மட்டும் மிதிச்சுப் புடிக்கச் சொல்லிட்டு வலது சக்கரத்தை நீங்க கையால சுத்துங்க. சுத்துச்சுன்னா கியர்பாக்ஸ் ஃப்ரீ. சுத்தலன்னா பிரேக்கை விடச் சொல்லிட்டு மறுபடி சுத்துங்க, இப்ப சுத்துது ஆனா அந்தப் பக்கத்து சக்கரம் கண்டிப்பா எதிர்த்திசையில சுத்துதுன்னா கியர்பாக்ஸ்தான் பூட்டியிருக்கு. ஒரு சக்கரம் மட்டும் அசையவே மாட்டேங்குது, இன்னொண்ணு சுத்துதுன்னா அசையாத பக்கத்து பிரேக் புடிச்சிருக்கு. சேத்துல ஓட்டிட்டு கழுவாம மாசக்கணக்குல நிறுத்துன வண்டில டிரம் பிரேக் துருப்பிடிச்சு ஒட்டிக்கறது ரொம்ப சாதாரணம். ரெண்டும் ஒரே திசையில சேந்து சுத்துதுன்னா டிஃபரன்ஷியல் லாக் (பின் ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பூட்டுறது) விடாம நிக்குது, அந்த மிதிக்கட்டையோட ஸ்பிரிங்கைப் பாருங்க, மண்ணு அடைச்சிருக்கும்.

இந்த டெஸ்டுக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது. ஆனா இதைப் பண்ணாம கியர்பாக்ஸைத் தொறந்தவங்கதான் அதிகம்.

## அறிகுறி 1: இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் விழுது, ஸ்டார்ட் பண்ணா கறகறன்னு சத்தம், விழ மாட்டேங்குது

இது கியர்பாக்ஸ் கோளாறே இல்ல. கிளட்ச் முழுசா விடல, அதனால உள்ள ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கு.

மொதல்ல பொறுமை. பழைய வண்டில சிங்க்ரோ (கியரோட வேகத்தை ஒத்துப் போக வைக்கிற அமைப்பு) கிடையாது, கிளட்சை மிதிச்ச உடனே கியரைப் போட்டா கத்தத்தான் செய்யும். மிதிச்சு நாலு அஞ்சு செகண்டு நின்னு போடுங்க. பத்து செகண்டுக்கு அப்புறமும் கத்துதுன்னாதான் கோளாறு.

அப்புறம் பெடலோட ஃப்ரீ பிளே. கையால அமுக்கிப் பாருங்க, லூசா போற தூரம் முடிஞ்சு கனம் தட்டுற இடம் தெரியும். நெறைய பழைய மாடல்ல 20லிருந்து 30 மில்லிமீட்டர் வரைக்கும்தான் இருக்கணும், உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. அதுக்கு மேல லூசா இருந்தா பெடலோட பாதி ஓட்டம் வீணாப் போகுது, கிளட்ச் முழுசா விடாது. பெடல் ராடுல லாக் நட்டை லூஸ் பண்ணி முறுக்கி சரி பண்ணலாம். ஃப்ரீ பிளேயே இல்லாம டைட்டா வச்சுடாதீங்க, ரிலீஸ் பேரிங் (கிளட்சை அமுக்கி விடுவிக்கற பேரிங்) எப்பவும் உரசி எரிஞ்சு போயிடும், பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும். ராடு கோத்திருக்கற பின், அது போற ஓட்டை ரெண்டும் தேஞ்சு முட்டை மாதிரி ஆகியிருக்கான்னும் அப்படியே பாத்துடுங்க, மூணு எடத்துல கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சாலே அட்ஜஸ்ட்மென்ட் பத்தாது.

அட்ஜஸ்ட் பண்ணியும் அப்படியேன்னா, வண்டி மழைக்காலம் பூரா நிறுத்தி வச்சிருந்ததான்னு யோசிங்க. ஆமான்னா கிளட்ச் பிளேட் ஃபிளைவீல்ல (இன்ஜின் பின்னாடி சுத்துற கனமான சக்கரம்) துருவோட ஒட்டியிருக்கு. நியூட்ரல்ல இன்ஜினை அரை மணி நேரம் ஓட விட்டு நல்லா சூடாக்குங்க, ஆஃப் பண்ணிட்டு பெடலை முழுசா அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து ராத்திரி பூரா அப்படியே விடுங்க. சில சமயம் காலையில பாத்தா விட்டிருக்கும், சில சமயம் ரெண்டு மூணு நாள் இப்படிப் பண்ணணும். டாப் கியர்ல போட்டு கிளட்சை மிதிச்சபடி ஸ்டார்ட் பண்ணி பிரேக்கை அடிச்சு விடுவிக்கற முறையும் இருக்கு, ஆனா அந்த நேரம் கிளட்ச் இல்லாத வண்டிதான் உங்க கையில இருக்கும், முன்னாடி நூறு மீட்டராவது காலி நெலம், பக்கத்துல யாரும் இல்லாம, இன்ஜினை நிறுத்துற ராடுல ஒரு கை வச்சுக்கிட்டுத்தான் பண்ணணும். தைரியம் இல்லன்னா விட்டுடுங்க, தப்பில்ல. இனிமே ரொம்ப நாள் நிறுத்தும்போது அதே கட்டையை பெடலுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் போனா இந்தத் தொல்லையே வராது.

இது எதுவும் இல்லன்னா மிச்சம் இருக்கறது உள் சமாச்சாரம். பெடலை லேசா தொட்ட உடனேயே சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். முழுசா மிதிச்சு கியரும் போட்ட நிலைமையில மட்டும் கீச்சுனு வந்தா ஃபிளைவீல் நடுவுல இருக்கற பைலட் பேரிங், அது இறுகிப் போச்சுன்னா கிளட்ச் நல்லா விட்டாலும் ஷாஃப்டை இழுத்துக்கிட்டு சுத்தும், கியர் விழாது. பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் புடிக்கற தட்டு) விரல் ஏத்த எறக்கமா இருந்தாலும் இதே கதைதான். இதுக்கெல்லாம் வண்டியைப் பிரிச்சே ஆகணும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எப்படியும் பிரிக்கிறப்ப பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல் எல்லாம் சேத்து மாத்திடுங்க, ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஆறு மாசத்துல மறுபடி பிரிக்கிறதுதான் உண்மையான செலவு.

## அறிகுறி 2: லிவர் நியூட்ரல்ல ஆடுது, ஆனா வண்டி பூட்டிக்கிட்டு நிக்குது

பழைய வண்டின்னா இதுதான் ரொம்ப அடிக்கடி வர்றது. கிளட்சை விட்டா இன்ஜின் அணையும், தள்ளுனா நகராது, லிவர் மட்டும் சும்மா இங்கயும் அங்கயும் ஆடும். ரெண்டு கியர் ஒரே நேரத்துல விழுந்திருக்கு.

இந்த நிலைமையில வேற வண்டியைக் கட்டி இழுக்காதீங்க. ரெண்டு கியர் ரெண்டு வேகத்துல சுத்தப் பாக்கும், முடியாது, பல்லு ஒடையும். மேல அரை மணி நேர வேலையா இருந்ததை நீங்களே பெரிய வேலையா ஆக்கிடுவீங்க.

டாப் கவரைக் கழட்டணும். கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணு, வைக்கோல், பிசுக்கு எல்லாத்தையும் டீசல் போட்டு பிரஷ்ல தேச்சு தொடைங்க, நான் மொத தடவை இதைப் பண்ணாம கவரைத் தூக்குனேன், ஒரு கை மண்ணு அப்படியே உள்ள விழுந்துச்சு. சில மாடல்ல கவருக்கு மேல ஸ்டியரிங் பாக்ஸோ டேங்க்கோ உக்காந்திருக்கும், அப்ப வேலை கூடும், ஆனா அப்பவும் பிரிக்கிறதை விட கம்மிதான். கவரைத் தூக்கும்போது மெதுவா. சில வண்டில கவருக்கு அடியிலயே பாலும் (ராடை எடத்துல நிறுத்துற சின்ன இரும்பு உருண்டை) ஸ்பிரிங்கும் உக்காந்திருக்கும், பட்டுனு தூக்குனா துள்ளி கியருக்குள்ள விழுந்துடும். காந்தத்தைக் கம்பியில கட்டி கையில வச்சுக்கங்க.

உள்ள பாத்தா பக்கத்து பக்கத்துல ரெண்டு மூணு ஷிஃப்ட் ராடு தெரியும், ஒவ்வொண்ணுலயும் லிவர் முனை உக்கார்ற பள்ளம் இருக்கும். எல்லாம் நியூட்ரல்ல இருந்தா அந்தப் பள்ளமெல்லாம் ஒரே நேர்க்கோட்டுல நிக்கும். ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் போய் நின்னுச்சுன்னா உங்க பிரச்சனை அதேதான். பெரிய ஸ்குரூ டிரைவரை வச்சு ஒண்ணை மட்டும் நடுவுக்குத் தள்ளுங்க, 'டக்'னு பால் உக்கார்றது கைக்குத் தெரியும். அப்புறம் அடுத்தது. இறுக்கமா இருந்தா அடிக்காதீங்க, பல்லு மேல சுமை நிக்குது, பின் சக்கரத்தை ஒரு ஆளை விட்டு முன்னும் பின்னும் லேசா ஆட்டச் சொல்லிட்டு நெம்புங்க, அல்வா மாதிரி நழுவி வரும்.

சரி, ஏன் ரெண்டு விழுந்துச்சு? கவரை மூடுறதுக்கு முன்னாடி இதுக்கு பதில் தெரியணும், இல்லன்னா அடுத்த வாரம் வயல் நடுவுல மறுபடி நிக்கும். லிவர் முனையைப் பாருங்க, வட்டமா தேஞ்சு சுருங்கிப் போயிருந்தா அது பள்ளத்துல இருந்து நழுவி ரெண்டு ராடுக்கு நடுவுல ஏறிடும். வெல்டிங்ல மெட்டல் ஏத்தி அரத்துல ராவி பழைய அளவுக்குக் கொண்டு வரலாம், லிவரை வெளிய எடுத்துட்டுத்தான் வெல்டு பண்ணணும். லிவர் உருண்டைக்கு மேல இருக்கற ஸ்பிரிங் செத்துப் போச்சான்னு பாருங்க, அது லிவரைக் கீழ அமுக்கிப் புடிக்கலன்னா முனை மேல எழும்பும். உருண்டையில இருக்கற பின் அறுந்திருந்தாலும் லிவர் தன்னால திரும்பி நழுவும்.

இது எல்லாமே நல்லா இருந்தா ராடுகளுக்கு நடுவுல இருக்கற இன்டர்லாக் பின். ஒரு ராடு நகந்தா மத்ததைப் பூட்டி வைக்கிறதுதான் அந்த சின்ன பின்னோட ஒரே வேலை. முன்னாடி யாராவது கியர்பாக்ஸ்ல வேலை பாத்திருந்தா அதை விட்டுட்டு மாட்டியிருப்பாங்க. கையில ஒரு ராடை முன்னாடி தள்ளிட்டு பக்கத்து ராடையும் தள்ளிப் பாருங்க, ரெண்டாவதும் போச்சுன்னா பின் இல்ல, இல்லன்னா ரொம்ப தேஞ்சிருக்கு. ராடை உருவித்தான் போடணும், அதுக்கு நல்ல மெக்கானிக் வேணும், ஆனா சில வண்டில பிரிக்காமயே முடியும், கேட்டுப் பாருங்க.

கவரை மூடுனதும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆஃப்லயே ஒவ்வொரு கியரா போட்டு எடுத்து, ரிவர்ஸையும் சேத்து, பின் சக்கரத்தை சுத்திப் பாத்துட்டு அப்புறம் போல்ட்டை முழுசா முறுக்குங்க.

## அறிகுறி 3: ஒரே கியர்ல நிக்குது, லிவர் கல்லு மாதிரி

சரிவுல கியர்ல போட்டு நிறுத்துன வண்டியா? வண்டியோட மொத்த எடையும் ஒரு பல்லு மேல நிக்குது, அவ்வளவுதான். கிளட்சை மிதிச்சு, ஒரு ஆளு வண்டியை லேசா முன்ன பின்ன ஆட்ட, லிவரை மெல்ல இழுங்க. கிளட்சும் ஒட்டியிருந்தா இன்ஜினை நிறுத்துற ராடை இழுத்து விட்டுட்டு, முன்னாடி கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டுங்க, சுமை விடுபடும்.

லிவர்ல பைப்பை மாட்டி நீளமாக்கி இழுக்கறவங்களைப் பாத்திருக்கேன். லிவர் வளையும், இல்லன்னா உள்ள ஃபோர்க் ஒடையும். ஒரு கையால வரலன்னா வேற காரணம் இருக்கு.

அந்தக் காரணம் பெரும்பாலும் துருதான். லிவர் அடியில இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு, மழைத்தண்ணி நேரா உள்ள எறங்கி, ராடு மேலயும் பால் உக்கார்ற ஓட்டையிலயும் துரு புடிச்சிருக்கும். டாப் கவரைத் தொறந்து துருப்போக்குற ஆயிலை அடிச்சு ஒரு ராத்திரி ஊற விடுங்க, டீசல்ல கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்தாலும் மெதுவா வேலை செய்யும். பால் ஸ்பிரிங்கோட பிளக் வெளிய தெரிஞ்சா அதைக் கழட்டி ஸ்பிரிங்கை எடுத்துட்டா பாதி பாரம் கொறையும். அப்புறம் ராடு முனையில பித்தளைத் துண்டோ கெட்டி மரமோ வச்சு லேசா தட்டுங்க. ஃபோர்க் மேல மட்டும் தட்டவே கூடாது. பாக்க கனமா இருக்கும், ஆனா பக்கவாட்டுல ஒரு அடி வாங்குனா பிஸ்கட் மாதிரி ஒடையற வார்ப்பு அது.

ரப்பர் பூட்டை மறக்காம மாத்துங்க. அதைக் கண்டுக்காம விட்டதுதான் இத்தனைக்கும் ஆரம்பம்.

## அறிகுறி 4: ஒரே கியர்ல நிக்குது, லிவர் மட்டும் லொட லொடன்னு ஆடுது

முனை பள்ளத்தை விட்டு வெளிய வந்திருக்கலாம், மேல சொன்ன மாதிரி கவரைத் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும். முனை பள்ளத்துலதான் இருக்கு, ராடும் நகருது, ஆனா கியர் நகரலன்னா ஃபோர்க்கை ராடோட புடிச்சிருக்கற போல்ட்டோ பின்னோ லூஸாகி இருக்கு, இல்ல அறுந்திருக்கு. கைக்கு எட்டுனா முறுக்கி கம்பி போட்டுக் கட்டிடலாம், அந்தக் கம்பி கட்டாம விட்டதாலதான் மொதல்லயே லூஸாச்சு. ஃபோர்க்கே ஒடஞ்சிருந்தா அதோட துண்டு அடியில கெடக்கும், அதை எடுக்காம ஒரு அடி கூட வண்டியை நகத்தாதீங்க. மெக்கானிக்.

## அறிகுறி 5: கொஞ்சம் உருளுது, ஒரே எடத்துல 'டக்'னு நிக்குது, பின்னாடி தள்ளுனா விடுது

பல்லு ஒடஞ்சு துண்டு கியருக்கு நடுவுல மாட்டியிருக்கு, இல்லன்னா பேரிங் சிதறியிருக்கு. இது நடக்கறதுக்கு முன்னாடி பல நாளா ஒரு கியர்ல மட்டும் ஊளைச் சத்தம் வந்திருக்கும், லிவர் கையில நடுங்கியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. டிரெயின் பிளக்கைக் கழட்டி ஆயிலைப் பாருங்க, காந்தத்துல சாம்பல் கலர் பசை மாதிரி கொஞ்சம் இருந்தா அது சாதாரண தேய்மானம், பயப்பட வேண்டாம். விரல்ல குத்துற சில்லு, பல்லு உருவம் தெரியற துண்டு, உடைஞ்ச பேரிங் கேஜ் (பேரிங் உருண்டைகளைப் புடிச்சிருக்கற வளையம்) இதுல எது வந்தாலும் அதோட நிறுத்துங்க. இதுல வீட்ல பண்ண ஒண்ணும் இல்ல.

## அறிகுறி 6: காலையில இறுக்கம், ஓடி சூடானா சரியாகுது

ஆயில். டிப் ஸ்டிக்ல மோர் கலர்ல வெளுத்து வந்தா தண்ணி கலந்திருக்கு. ஒரு ராத்திரி நிறுத்தி வச்ச வண்டில டிரெயின் பிளக்கை ரெண்டு மூணு மரை மட்டும் லூஸ் பண்ணா மொதல்ல தண்ணிதான் சொட்டும், எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுடும். பனி உறையற ஊருல அந்தத் தண்ணி அடியில உறைஞ்சு கியரையே புடிச்சு வச்சுக்கும், உறைஞ்சது உருக வண்டியைச் சூடான எடத்துல நிறுத்துங்க.

ஆயிலை மாத்தும்போது கவனிக்க வேண்டியது, நெறைய வண்டில கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயில்லதான் ஓடுது. அதுல கெட்டியான கியர் ஆயிலை ஊத்துனா கியர் நல்லா இருக்கும், லிஃப்ட் மெதுவாகும். தனித்தனி தொட்டியா பொதுத் தொட்டியான்னு மேனுவல்ல பாத்துட்டு அது சொல்ற ஆயிலையே ஊத்துங்க. தனித் தொட்டின்னா பழைய வண்டிகளுக்கு பெரும்பாலும் 80டபிள்யூ-90 (ஆயிலோட கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (ஆயிலோட வகை). ஜிஎல்-5 இன்னும் ஒசத்தின்னு விக்கறவங்க சொல்வாங்க, உள்ள பித்தளை புஷ் இருக்கற வண்டிக்கு சில ஜிஎல்-5 ஆயில்ல இருக்கற கெமிக்கல் ஆகாது.

## பிரிக்கத்தான் வேணும்னு ஆயிடுச்சா

இதை வீட்ல ஜாக்கி வச்சுப் பண்ணலாம்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். டிராக்டரோட முன் ஆக்சில் நடுவுல ஒரே பின்னுல ஊஞ்சல் மாதிரி ஆடும், வண்டி முழுசா இருக்கற வரைக்கும் பின்பக்கம் அதைப் புடிச்சுக்கும், பிரிச்ச அடுத்த நிமிஷம் இன்ஜின் பக்கவாட்டுல சாயும். ஆக்சிலுக்கும் மேல இருக்கற வார்ப்புக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்காம ஒரு பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேக்கற கூடு) போல்ட்டைக் கூடத் தொடக் கூடாது. வர்ற மெக்கானிக் அந்த ஆப்பைத் தேடலன்னா, நீங்களே ரெண்டு செதுக்கி அவர் கையில கொடுங்க.

அவர் வந்ததும் கியர் ஜாம்னு ஒத்த வார்த்தையில சொல்லிடாதீங்க. எந்த கியர்ல நின்னுச்சு, அப்ப வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சா நின்னுச்சா, ஆஃப்ல கியர் விழுதா, ஒரு பக்கம் பிரேக் புடிச்சு சக்கரத்தை சுத்துனப்ப என்ன ஆச்சு, காந்தத்துல என்ன வந்துச்சு, இதை வரிசையா சொல்லுங்க. டாப் கவரைத் தொறந்து பாத்தாச்சுன்னும் சொல்லுங்க, இல்லன்னா அவர் மறுபடி அங்க இருந்துதான் ஆரம்பிப்பாரு, ஆரம்பிக்கலன்னா வேற மெக்கானிக்கைத் தேடுங்க.